கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்காக அறப்பணி தொடங்குவோருக்கு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு கிராமத்தில் மிக வறிய நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு நிலையான உதவி செய்ய வேண்டும் என்று எண்ணி, நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பணி தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் திரட்டுவது எப்படி என்று சொல்லித் தரப் பலர் இருக்கிறார்கள். எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் எப்போது கொடுக்க வேண்டும், எந்த வேலையை முடிக்காமல் அடுத்த வேலையில் கை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. அலுவலகம் அலுவலகமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

இதில் வரிசையே முக்கியம். பெரும்பாலோர் முதலில் அறக்கட்டளையைப் பதிவு செய்து, பெயர்ப்பலகை மாட்டி, நன்கொடை திரட்டி, ஆடுகளையோ தையல் இயந்திரத்தையோ வழங்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பத்தின் உண்மையான நிலையை அறியத் தொடங்குகிறார்கள். அதற்குள் ஆடு வட்டிக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும்.

1. ஓர் ஊராட்சியைத் தேர்ந்தெடுங்கள். பதிவுக்கு அவசரம் இல்லை

உங்கள் கைப்பணத்தைச் செலவழித்து, உங்கள் நேரத்தைக் கொடுத்து வேலை செய்யும் வரை எந்தப் பதிவும் தேவையில்லை. பிறரிடம் பணம் வாங்கத் தொடங்கும் நாளில்தான் அமைப்பு தேவைப்படுகிறது. ஆகவே முதல் ஆறு மாதங்களை ஒரே ஓர் ஊராட்சியை அறிவதற்கு ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறையாவது நேரில் போய்வரக்கூடிய தொலைவில் அது இருக்க வேண்டும். ஒன்றியம் முழுவதற்கும் செய்யலாம் என்ற ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

ஊராட்சிச் செயலர், கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகிய நால்வரையும் தனித்தனியே சந்தியுங்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அவற்றில் ஒன்றிரண்டிலாவது பின்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். யார் பேசுகிறார்கள் என்பதைக் காட்டிலும், எந்தத் தெருவிலிருந்து யாருமே வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்வது உங்கள் வேலைக்கு அதிகம் உதவும்.

இந்தக் கட்டத்தில் யாருக்கும் எதையும் கொடுக்காதீர்கள். முதல் வருகையிலேயே அரிசிப் பையோ வேட்டி சேலையோ கொண்டுபோனால், அதற்குப் பிறகு நீங்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் நேரான பதில் வராது.

2. மிக ஏழையான குடும்பங்களை ஊர் மக்களைக் கொண்டே கண்டறியுங்கள்

அரசுப் பட்டியல் ஒன்றை வாங்கிக்கொண்டு அதிலிருந்து தொடங்குவது எளிது. ஆனால் பட்டியலில் இடம்பெறுவதற்கே ஆவணமும் அறிமுகமும் வேண்டியிருப்பதால், கடைநிலையில் உள்ள குடும்பம் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. இதற்கு உலகம் முழுவதும் பயன்படும் முறை, மக்களே தங்கள் ஊரின் வீடுகளைத் தரம் பிரிப்பது. ஒவ்வொரு குடியிருப்பிலும் பொது இடத்தில் கோலமாவால் தெருக்களையும் வீடுகளையும் தரையில் வரையச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஓர் அட்டை எழுதி, அந்த அட்டைகளை வசதியானவர், சமாளிப்பவர், ஏழை, மிக ஏழை என நான்கு குவியல்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பதையும் அவர்களே சொல்லட்டும். சொந்த நிலம் இருக்கிறதா, கூலிக்குப் போகக்கூடிய ஆள் எத்தனை பேர், மழைக்காலத்தில் எத்தனை நாள் அடுப்பு எரியாமல் இருக்கும் என்பன போன்ற அளவுகோல்கள் உங்கள் வினாத்தாளில் இருப்பவற்றைவிடத் துல்லியமாக இருக்கும்.

சில எச்சரிக்கைகள் தேவை. கூட்டத்தை ஊருக்குள் ஒரே இடத்தில் நடத்தினால் காலனியிலிருந்து வருபவர்கள் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புவார்கள். ஆகவே ஒவ்வொரு குடியிருப்பிலும் தனித்தனியாக, வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்தில் நடத்துங்கள். பெண்களுடன் தனியாக ஒருமுறை செய்யுங்கள். இரு பட்டியல்களும் வேறுபடும் இடங்களில்தான் விசாரிக்க வேண்டியது இருக்கும். பிறகு கடைசிக் குவியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ப் பாருங்கள். என்ன உதவி வரப்போகிறது என்பதை எந்தக் கட்டத்திலும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

எப்படிச் செய்தாலும் சிலர் விடுபடுவார்கள். கணவர் விட்டுச்சென்ற பெண்கள், நகரத்தில் இருக்கும் மகனின் குடும்ப அட்டையில் பெயர் இருப்பதால் வசதியானவர்களாகக் கருதப்படும் முதியவர்கள், பொங்கலுக்குப் பிறகு செங்கல் சூளைக்குப் போய் மழைக்காலத்துக்கு முன் திரும்பும் குடும்பங்கள் ஆகியோர் அடிக்கடி விடுபடுவார்கள். இந்தக் காரணத்தால் இதே பயிற்சியை ஆண்டில் இரண்டு முறை, வெவ்வேறு பருவங்களில் செய்ய வேண்டும். நான்கைந்து பேர் கொண்ட குழு முதல் ஆண்டில் இருபது முதல் முப்பது குடும்பங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. இறுதிப் பட்டியலை அதே குடியிருப்பில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்டுங்கள். ஆட்சேபணைகளை அன்றே கேட்டுக்கொள்வது நல்லது.

3. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு

இந்தப் படியில்தான் உங்கள் முதல் ஆண்டின் பெரும்பகுதி செலவாகும், செலவாகவும் வேண்டும். நீங்கள் திரட்டிக் கொடுக்கக்கூடிய தொகையைவிட, அந்தக் குடும்பத்துக்குச் சட்டப்படி ஏற்கெனவே உரியதாக இருந்தும் வந்து சேராத தொகை பல நேரங்களில் பெரிது. முதியோர் ஓய்வூதியமும் ஆதரவற்ற விதவை ஓய்வூதியமும் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய், ஆண்டுக்கு 14,400. ஒரு சிறிய அமைப்பு ஒரு முதியவருக்கு ஆண்டுதோறும் இவ்வளவு கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

கோப்பில் முதலில் இருக்க வேண்டியவை: வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, சாதிச் சான்று, நூறு நாள் வேலை அட்டை, வீட்டுமனைப் பட்டா இருந்தால் அதன் நகல். இவற்றை ஒரே நாளில் கேட்டால் கிடைக்காது. கிடைத்தவற்றை வரிசையாக மேசையில் பரப்பி, பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும், குடும்ப அட்டையில் கணவரின் தலைப்பெழுத்து இருக்கும், வங்கியில் தந்தையின் தலைப்பெழுத்து இருக்கும், பிறந்த ஆண்டு மூன்றிலும் மூன்று விதமாக இருக்கும். விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுவதற்கு நான் கண்ட முதன்மையான காரணம் இதுதான்.

திருத்தம் செய்ய அவசரப்பட்டு ஆதார் மையத்துக்கு ஓடாதீர்கள். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் திருத்த முடியும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் 75 ரூபாய் கட்டணம். ஆகவே எந்தப் பெயர், எந்தத் தேதி நிலைக்க வேண்டும் என்பதைப் பள்ளிச் சான்றையோ பிறப்புச் சான்றையோ வைத்து முதலில் முடிவு செய்து, ஆதாரை ஒருமுறை சரிசெய்துவிட்டு, மற்ற ஆவணங்களை அதற்கேற்ப மாற்றுங்கள். இந்த வரிசை தலைகீழானால் ஒரு குடும்பத்துக்கே பல மாதங்கள் போய்விடும்.

அடுத்தது வருவாய்த் துறைச் சான்றுகள். வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று, கணவரால் கைவிடப்பட்டோர் சான்று முதலியவற்றுக்கு இ-சேவை மையத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். விண்ணப்பம் அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் போகும். எல்லாச் சான்றும் இதே வழியில், இதே வேகத்தில் போவதில்லை என்பதால் ஒப்புகைச் சீட்டு எண்ணை அன்றே கோப்பில் எழுதிவைத்து, வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். கல்வி உதவித்தொகைக்காக எடுப்பதாக இருந்தால் பள்ளி திறப்பதற்குச் சற்று முன் எடுங்கள். இறப்புச் சான்று இல்லாத விதவைகளைப் பல ஊர்களிலும் காண்பீர்கள். இறப்பு 21 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் உரிய நடுவர் நிலை அதிகாரியின் ஆணை வேண்டும். அது கிடைக்காமல் வாரிசுச் சான்றும் இல்லை, விதவை ஓய்வூதியமும் இல்லை என்பதால், அந்தக் குடும்பத்துக்கு இதையே முதல் வேலையாக வையுங்கள்.

வங்கிக் கணக்கு இருக்கிறது என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கு செயலற்றதாகியிருக்கும். அரசின் நேரடிப் பணமாற்றம், ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குத்தான் போகும்; நுண்கடனுக்காக வேறொரு வங்கியில் திறந்த கணக்கில் ஓய்வூதியம் சேர்ந்துகொண்டிருப்பதை அறியாமல், பணம் வரவில்லை என்று மனுக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கோப்பு ஓரளவு நிறைந்ததும் பின்வருவனவற்றுக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. இது ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மையத்தில் பதிவாகிறது. கட்டுமானம், கைத்தொழில், வீட்டு வேலை முதலியவற்றில் இருப்போருக்கு அமைப்புசாரா தொழிலாளர் நல வாரிய அட்டை. பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் 60 வயதுக்கு முன் பதிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனித்துவ அடையாள அட்டை. ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டணத்தில் ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் விபத்துக் காப்பீடும் வங்கி வழியே கிடைக்கின்றன; இரண்டிலும் காப்பீட்டுத் தொகை தலா இரண்டு லட்சம். மே மாதக் கடைசி வாரத்தில் கட்டணம் தானாகப் பிடிக்கப்படும் என்பதால், அந்த வாரம் கணக்கில் 456 ரூபாயாவது இருக்கிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் நினைவூட்டுங்கள். பணம் இல்லாமல் காப்பீடு அறுந்துபோவதும், அது அறுந்தது இறப்புக்குப் பிறகு தெரியவருவதும் வழக்கமாக நடக்கின்றன.

பட்டா, வீடு போன்ற பெரிய கோரிக்கைகளைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், வட்ட அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியிலும் மனுவாகக் கொடுங்கள். மனுவை அந்தக் குடும்பத்தினரே கொடுக்க வேண்டும். நீங்கள் உடன் நிற்கலாம். விண்ணப்பச் செலவு, நகல் செலவு, பேருந்துச் செலவு ஆகியவற்றுடன் அன்று இழக்கும் கூலியையும் கணக்கில் சேருங்கள். அந்தக் கூலிக்கு வழி செய்யாததால் வராமல் போகிறவர்களை ஆர்வமில்லாதவர்கள் என்று எழுதிவிடுவது பெரும் அநீதி.

4. கடனைக் கணக்கிடாமல் பொருள் கொடுக்காதீர்கள்

கோப்பு வேலையின்போது உங்கள் மீது ஓரளவு நம்பிக்கை வந்திருக்கும். அப்போதுதான் கடனைப் பற்றிக் கேளுங்கள். கூட்டுறவு வங்கி நகைக்கடன், நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை, தண்டல், மாத வட்டிக்கு வாங்கியது, வேலைக்கு வாங்கிய முன்பணம் என ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி என்பது ஆண்டுக்கு 60 சதவீதம். முன்வட்டி பிடித்துக்கொண்டு கொடுத்திருந்தால் அதற்கும் மேல். இந்தக் கணக்கை அவர்களுடன் சேர்ந்து தாளில் போட்டுப் பார்ப்பதே ஓர் உதவி.

நுண்கடன் விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள்: ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, அந்தக் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதிய கடன் கொடுக்கக் கூடாது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் நீங்களாகப் புகார் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினால், அங்கே இரவைக் கழிக்கப்போவது அவர்கள்தான்.

சூளைக்கோ ஆலைக்கோ முன்பணம் வாங்கி, கணக்குத் தீரும் வரை வெளியேற முடியாத நிலையில் ஒரு குடும்பம் இருந்தால், அது கடன் பிரச்சினை அல்ல. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வரும் குற்றம். கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ எழுத்தில் தெரிவியுங்கள். விடுதலைச் சான்றிதழ் இல்லாமல் மறுவாழ்வு உதவி கிடைக்காது. முன்பணத்தை நீங்கள் அடைத்து மீட்பது இரக்கமாகத் தோன்றினாலும், அந்தச் சூளைக்காரருக்கு அடுத்த குடும்பத்தைப் பிடிக்க முதல் கொடுத்ததாகவே முடியும்.

குறைந்த வட்டிக் கடனுக்கு நிலையான வழி மகளிர் சுய உதவிக் குழுவே. உங்கள் அமைப்பின் பெயரில் புதிய குழுக்களைத் தொடங்குவதைவிட, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின்கீழ் ஏற்கெனவே இயங்கும் குழுவில் அந்தப் பெண்ணைச் சேர்ப்பது நல்லது. இதற்கு மகளிர் குழுக்களைக் கவனிக்கும் அரசின் வட்டார இயக்க மேலாளரைப் பாருங்கள். அவரால் சந்தா கட்ட முடியாது என்று மற்ற உறுப்பினர்கள் தயங்கினால் அவர்களுடன் பேசுங்கள். மக்களின் சேமிப்பை உங்கள் அமைப்பின் கணக்கில் வாங்கி வைப்பதையும், வட்டிக்குக் கடன் கொடுப்பதையும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அவற்றுக்குத் தனிச் சட்டங்களும் உரிமங்களும் உள்ளன.

5. இப்போது அமைப்பைப் பதிவு செய்யுங்கள்

மூன்று வடிவங்கள் உண்டு. அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். இரண்டு அறங்காவலர்கள் இருந்தால் போதும் என்றாலும் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களையும் சேர்த்து மூவருக்கு மேல் வைப்பது நல்லது. சங்கத்தை 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிய ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழுவும் கணக்குத் தாக்கலும் கட்டாயம். மூன்றாவது, கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு நிறுவனம். இதில் ஒழுங்கும் அதிகம், செலவும் அதிகம். சிறிய குழுவுக்கு அறக்கட்டளை பொருத்தமானது.

பத்திரத்தை ஆவண எழுத்தர் கணினியில் வைத்திருக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள். வருமான வரித் துறை பிற்பாடு ஒவ்வொரு வரியையும் படிக்கும். அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது என்ற வரி, கலைக்கப்பட்டால் சொத்து இதே நோக்கமுள்ள மற்றொரு பதிவு பெற்ற அறநிறுவனத்துக்கே போகும் என்ற வரி, வருமானம் நோக்கங்களுக்கு மட்டுமே செலவாகும் என்ற வரி, ஆண்டுத் தணிக்கை, அறங்காவலரை நியமிக்கும் நீக்கும் முறை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். நோக்கங்களில் "எங்கள் சமுதாய மக்களுக்கு" என்று ஒரு சாதியையோ மதத்தையோ குறிப்பிட்டால் வரிவிலக்கு போய்விடும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான நோக்கங்களுக்கு இந்தத் தடை இல்லை. "கோயில் திருப்பணி, விளையாட்டு, சினிமா விழிப்புணர்வு" என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பழக்கமும் வேண்டாம். செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள். நிலத்தையோ வீட்டையோ தொடக்கத்திலேயே அறக்கட்டளைக்கு எழுதிவைத்தால் முத்திரைத் தீர்வைக் கணக்கு வேறாகிவிடும் என்பதால், சில ஆயிரம் ரூபாய் மூலநிதியுடன் தொடங்குங்கள்.

பதிவு நாளில் நிறுவனர், அறங்காவலர்கள், இரண்டு சாட்சிகள் ஆகியோரின் அடையாள அட்டைகளும் புகைப்படங்களும் வேண்டும். அலுவலக முகவரிக்கு மின்கட்டண ரசீதும், வாடகை இடமானால் ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் எடுத்துவையுங்கள். பதிவில் கேட்காவிட்டாலும் வங்கியில் கட்டாயம் கேட்பார்கள். முன்பதிவு பதிவுத்துறை இணையதளத்தில் நடக்கிறது. அன்றைய கட்டணத்தையும் அங்கேயே பார்க்கலாம். பத்திரம் கைக்கு வந்ததும் அறக்கட்டளையின் பெயரில் பான் எண்ணும், பிறகு இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கும் வாங்குங்கள். பத்திரத்தில் ஒரு எழுத்தும் பானில் ஒரு எழுத்தும் வேறுபட்டால் குடும்பங்களுக்கு நேர்ந்த அதே அலைச்சல் உங்களுக்கும் நேரும். தொண்டு அமைப்புகளுக்காக நிதி ஆயோக் நடத்தும் தர்பண் இணையதளத்தில் பதிந்து எண் வாங்குவதற்குக் கட்டணம் இல்லை. இடைத்தரகர் கேட்டால் கொடுக்காதீர்கள்.

6. வரிப் பதிவுகள்: தேதியைத் தவறவிடுவதே பெரிய பொறி

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியுள்ளன. ஆனால் ஆடிட்டர் முதல் நன்கொடையாளர் வரை எல்லோரும் 12ஏ, 80ஜி என்றே பேசுகிறார்கள் என்பதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன். 12ஏ என்பது அமைப்பின் வருமானத்துக்கு விலக்கு; 80ஜி என்பது நன்கொடையாளருக்குச் சலுகை. இரண்டுக்கும் இணையத்தில்தான் விண்ணப்பம், அரசுக் கட்டணம் கிடையாது. செலவு என்பது ஆடிட்டருக்குக் கொடுப்பதுதான்.

முதலில் கிடைப்பது மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு; இது சுமார் ஒரு மாதத்தில் வந்துவிடும். மூன்றாண்டு இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். முறையான பதிவுக்கு, பணி தொடங்கிய ஆறு மாதங்களுக்குள் அல்லது தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதங்கள் முன்பு, இவற்றில் எது முந்தியதோ அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே பணி நடந்துகொண்டிருந்தால் நேரடியாக முறையான பதிவுக்குப் போகும் வழியும் உண்டு. உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். முறையான பதிவின்போது சென்னையில் உள்ள விலக்குகளுக்கான ஆணையர் அலுவலகம் பணிக்குறிப்பு, ரசீதுகள், வங்கி அறிக்கை, புகைப்படங்கள் ஆகியவற்றைக் கேட்கும். பதில் தர அவர்கள் கொடுக்கும் அவகாசம் குறைவு. மூன்றாம் படியில் நீங்கள் உருவாக்கிய குடும்பக் கோப்புகளும் விண்ணப்பப் பதிவேடும் அப்போது பெரிதும் உதவும். ஆணை வர ஆறு மாதங்களும் அதற்கு மேலும் ஆகலாம். அது ஐந்தாண்டுக்குச் செல்லும்; சிறிய அமைப்புகளுக்கு 12ஏ பதிவு இப்போது பத்தாண்டுக்குக் கிடைக்கிறது, 80ஜிக்கு ஐந்தாண்டுதான்.

7. நன்கொடை வாங்கும்போது

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடையாளருக்கு 80ஜி சலுகை கிடைக்காது. பெயர், முகவரி, பான் எண் இல்லாமல் பணம் வாங்காதீர்கள். உண்டியல் வைப்பது அறவே வேண்டாம், பெயரற்ற நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் 30 சதவீதம் வரி.

வெளிநாட்டுப் பணத்தில்தான் நல்லவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய கடவுச்சீட்டு நகலை வாங்கி வையுங்கள். அவரே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், உங்கள் சொந்த அண்ணனாக இருந்தாலும், அமைப்புக்கு அவர் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடையே. அதை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்றாண்டுச் செயல்பாடும், அந்த மூன்றாண்டில் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். பணம் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். ஆகவே முதல் சில ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதிக்கு 12ஏ, 80ஜி இரண்டும் பெற்று, சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்து, மூன்றாண்டு அனுபவமும் காட்ட வேண்டும். இதற்கும் பொறுமை வேண்டும்.

8. வாழ்வாதார உதவி: பொருளோடு இரண்டு ஆண்டு உடன் இருங்கள்

வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002இல் தொடங்கிய முறையில், பொருள், சில மாதங்களுக்குச் சிறு உதவித்தொகை, பயிற்சி, சேமிப்பு, தொடர்ந்த வீட்டுச் சந்திப்பு ஆகிய எல்லாம் ஒன்றாக, இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டன. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் இதைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், உதவி நின்று ஓராண்டு கழிந்த பிறகும் பலன் நீடித்தது தெரியவந்தது. பொருளை மட்டும் கொடுத்துவிட்டு இதே பலனை எதிர்பார்க்க முடியாது.

ஆடு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி விற்கும் பருவத்துக்கு வர மேலும் பல மாதங்கள். ஆக ஓராண்டுக்கு வருமானம் இல்லை, தீவனமும் மருந்தும் செலவுதான். அந்த ஓராண்டுக்கு மாதாந்திரச் சிறு தொகை ஒன்றைத் திட்டத்தில் சேர்க்காவிட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் ஆடு விற்கப்படும். அதற்காக அந்தத் தாயைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையில் ஆடு வாங்கிக் கொடுக்காதீர்கள், நோய் அதிகம். பொங்கலுக்குப் பிறகு மேய்ச்சல் இருக்கும். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசிகளுக்குக் கால்நடை உதவி மருத்துவரிடம் முன்பே நாள் கேளுங்கள். ஆட்டின் காதில் எண் பொறித்த காதுவில்லை போட்டுக் காப்பீடு செய்யுங்கள். இறந்தால் காதுவில்லையோடு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லி வையுங்கள்.

சந்தையில் ஆட்டைத் தேர்ந்தெடுப்பவர் அந்தப் பெண்ணாகவே இருக்கட்டும். விற்பவர்கள் ரொக்கம் கேட்பார்கள்; ஆனால் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கணக்கில் அது அறச்செலவாக ஏற்கப்படாது. விற்பவரின் வங்கிக் கணக்குக்கோ கைப்பேசி வழியாகவோ அனுப்பி, எழுதி வாங்குங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் தாளில் புகைப்படம் தேவை என்றால் ஆட்டையும் காதுவில்லை எண்ணையும் எடுத்தால் போதும். நன்கொடையாளர்களுக்கு அனுப்புவதற்காகக் கைகூப்பி நிற்கவைத்துப் படம் எடுப்பதை அமைப்பின் விதியிலேயே தடை செய்யுங்கள்.

எல்லோருக்கும் ஆடு என்பதும் தவறு. முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஓய்வூதியமும் மருத்துவமும்தான் தேவை. பிள்ளைகளை அழைத்துவந்து விடுதியில் தங்கவைக்கலாம் என்ற யோசனை எப்போதாவது எழும். சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு பெறாமல் குழந்தைகள் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் வழியைத் தேடுங்கள்.

9. ஆண்டுக் கணக்கும் விலகும் நேரமும்

வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டிலேயே நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும். மார்ச் மாதத்தில் பெரிய நன்கொடை வந்தால் அன்றே ஆடிட்டரிடம் சொல்லுங்கள். நன்கொடையாளர் பட்டியலைத் தாக்கல் செய்து அவர்களுக்குச் சான்று வழங்கக் கடைசி நாள் மே 31. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30, வரிக் கணக்குக்கு அக்டோபர் 31. கணக்குப் புத்தகங்களையும் ரசீதுகளையும் பத்தாண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு முடிவில் ஒவ்வொரு கோப்பையும் எடுத்து, வருமானத்துக்கு இரண்டு வழிகளாவது இருக்கின்றனவா, மாத வட்டிக் கடன் தீர்ந்ததா, உரிய ஓய்வூதியமும் காப்பீடும் தடையின்றி நடக்கின்றனவா, பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்களா, ஒரு சான்றுக்கு நீங்கள் உடன் வராமலேயே விண்ணப்பிக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வரும் வீடுகளுக்கு இன்னும் ஆறு மாதங்கள் போய்வர வேண்டியிருக்கும். மற்ற வீடுகளில் கோப்பை அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிட்டு, தணிக்கைக்குத் தேவைப்படும் ஒப்புதல் தாள்களைத் தவிர உங்களிடம் உள்ள ஆதார், வங்கிப் புத்தக நகல்களையும் கைப்பேசியில் உள்ள படங்களையும் அழித்துவிடுங்கள்.